முத்திரைப் பெயரும் அரைப்பேரும்: ஊவாத் தேயிலை முதல் கணினி வரை வணிக விசுவாசத்தின் சமூக வரலாறு

1

பதுளையில் 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் கற்கைநெறிகளுள் இரண்டு இக்கட்டுரையின் தொடக்கத்தில் நினைவுகூரத்தக்கவை. ஒன்று, தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும். மற்றையது, கணினி விஞ்ஞானமும் தொழில்நுட்பமும். ஒரே வளாகத்துள் அடுத்தடுத்து அமைந்த இவ்விரு துறைகளுக்குமிடையே தொடர்பு எதுவுமில்லை என்றே பொதுவாகக் கருதப்படும். ஆயின் ‘பெறுமதி சேர்த்தல்’ என்னுந் தொடர் இரண்டுக்கும் பொதுவான வினாவொன்றை எழுப்புகின்றது. பண்டத்துக்குப் பெறுமதியைச் சேர்ப்பவர் யார்? அப்பெறுமதி யாருடைய பெயரைத் தாங்கிச் சந்தைக்குச் செல்கின்றது?

இவ்வினாவை ஆராய்வதற்கு நமது காலத்தில் வாய்த்துள்ள தெளிவான எடுத்துக்காட்டு, தனியாள் கணினியைப் பயன்படுத்துவோரிடையே காணப்படும் வணிக முத்திரை விசுவாசமாகும். அப்பிள் நிறுவனத்தின் கணினி மேலானதா, ஐ.பி.எம். வழிவந்த கணினி மேலானதா என்னும் வாதம் 1980கள் தொட்டு உலகெங்கும் நடந்துவந்துள்ளது. கல்வி கற்றோரும் தம்மைப் பகுத்தறிவாளர் என எண்ணுவோருமே இவ்வாதத்தில் முன்னிற்பர். கொம்பனியின் பங்கு ஒன்றேனும் கையிலில்லாத ஒருவர், அக்கொம்பனியின் மானத்தைத் தம் மானமாகக் கருதி, எதிர்முத்திரையை வாங்கிய நண்பரோடு முரண்பட்டு நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். இதனை மனித மனத்தின் இயல்பான பற்று எனச் சொல்லி அமைதல் எளிது. எனினும் அவ்விளக்கம் வரலாற்றை மறைப்பதாகும். ஒரு கொம்பனியின் பெயரை நேசிக்கும் பழக்கம் மனிதரோடு உடன்பிறந்ததன்று, அது உருவாக்கப்பட்டது. அவ்வுருவாக்கத்தின் தொடக்க அத்தியாயங்களுள் ஒன்று அப்புத்தளை மலைச்சரிவுகளில் எழுதப்பட்டது.

வணிக முத்திரை என்பது உழைத்தோரின் பெயரை அகற்றி, அவ்விடத்தில் உடைமையாளரின் பெயரைப் பொறிக்கும் ஒரு முறைமை என்பதும், நுகர்வோரின் விசுவாசமும் முத்திரைகளுக்கிடையேயான போட்டியும் அவ்வகற்றலின்மீதே எழுப்பப்படுகின்றன என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகளாகும். முதலில் தேயிலையையும் அதன்வழிக் கணினியையும் நோக்குவோம்.

2

ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர் கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையை வணிகப் பயிராக நட்டது 1867 ஆம் ஆண்டிலாகும். கார்ல் மார்க்ஸின் ‘மூலதனம்’ முதல் தொகுதி வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. இது தற்செயலே; எனினும் மனங்கொளத்தக்கது. மனிதருக்கிடையேயுள்ள உறவு பொருள்களுக்கிடையேயான உறவாகத் தோற்றந்தரும் விந்தையை அந்நூல் பண்டத்தின் மாயத்தன்மை என விளக்கிற்று. அம்மாயத்தன்மைக்கு வண்ணத் தாளும் பெயரும் சூட்டப்படும் காலம் அடுத்து வரவிருந்தது.

1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பிப் பயிரை அடுத்த சில ஆண்டுகளில் அழித்தது. நொடித்துப்போன கோப்பித் தோட்டங்கள் மலிந்த விலைக்கு வந்தன. 1883 யூலை 30 ஆம் திகதி கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடைபெற்றது. 1886 இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. 1893 இல் புகையிரதப் பாதை அப்புத்தளையை எட்டியது. அது பதுளையை அடைய 1924 ஆம் ஆண்டாயிற்று. கொழுந்தும் மூலதனமும் தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரும் இம்மலைகளில் ஒன்றுசேர்ந்த காலப்பகுதி இதுவாகும்.

இக்காலப்பகுதியிலேயே தோமஸ் லிப்டன் இங்கு வந்தார். கிளாஸ்கோ நகரில் 1871 ஆம் ஆண்டு ஒரு மளிகைக் கடையுடன் வணிகத்தைத் தொடங்கி, பின்னர் பிரித்தானியா முழுவதும் கிளைகளைப் பரப்பியவர் அவர். 1890 இல் இலங்கைக்கு வந்து, ஊவாவில் தம்பேத்தன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அவர் தேயிலை பயிரிட்ட முதல்வரல்லர்; தேயிலையைப் பொதிசெய்து விற்ற முதல்வருமல்லர். ஜோன் ஹோர்னிமன் என்பார் 1826 அளவிலேயே முத்திரையிட்ட பொதிகளில் தேயிலையை விற்கத் தொடங்கியிருந்தார். லிப்டன் செய்த புதுமை, தோட்டம், பொதி, கடை, விளம்பரம் ஆகிய நான்கையும் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தமையாகும். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பதே அவரது விளம்பரங்களின் சாரம். ஒரு இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் எனப் பொதிசெய்து, இறாத்தலொன்றை 1 சிலிங் 7 பென்சுக்கு விற்றார். ஏனைய வணிகரின் விலையோடு ஒப்பிடுகையில் இது பெருங்குறைவு. பிரித்தானியத் தொழிலாளி வர்க்கம் அவர் பெயரை நம்பத் தொடங்கியதற்குக் காரணம் அந்த விலையும், கலப்படத்தைப் பற்றி அக்காலத்தில் நிலவிய அச்சமும் ஆகும். எனவே விசுவாசத்தின் தொடக்கத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

ஆயின் அந்நியாயத்தின்மேல் எழுப்பப்பட்ட கட்டடம் வேறு வகையினது. நேரே தோட்டத்திலிருந்து என அவர் விளம்பரம் கூறினாலும், அவருடைய சொந்தத் தோட்டங்கள் தந்த தேயிலை அவர் விற்றதன் ஒரு சிறு பகுதியே. எஞ்சியது சந்தையில் வாங்கிக் கலக்கப்பட்டது. அவ்வவ்வூர்த் தண்ணீருக்கு ஏற்பக் கலக்கப்பட்டது என அதையே ஒரு சிறப்பாகவும் அவர் விளம்பரம் செய்தார். இக்கலப்பின் சமூகப் பொருளை நாம் கவனித்தல் வேண்டும். ஏலத்துக்குச் செல்லும் தேயிலைப் பெட்டி தோட்டத்தின் பெயரைத் தாங்கிச் சென்றது. யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வரண்ட காற்றினால் ஊவாத் தேயிலை பெறும் தனி மணத்தையும், எத்தோட்டத்துத் தேயிலை எத்தரத்தது என்பதையும் தரகர் நன்கறிவர். பொதிசெய்யப்பட்டபின் தோட்டத்தின் பெயர் மறைந்து, கொம்பனியின் பெயர் மட்டுமே எஞ்சியது. தொழிலாளியின் பெயரோ எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை.

அக்கால லிப்டன் விளம்பரங்களில் கூடை சுமந்த, சேலையணிந்த பெண்ணின் உருவம் இடம்பெற்றதை ஓர் இலக்கிய மாணவன் கவனியாதிருத்தல் இயலாது. சித்திரத்தில் அவளுக்கு முகம் உண்டு, பெயர் இல்லை. அவள் தனக்காகப் பேசுவதுமில்லை. பொதியின்மேல் உள்ள பெயருக்குச் சான்று பகர்வதே அவளுக்கு அளிக்கப்பட்ட பணி. உழைப்பை முற்றாக மறைப்பதைவிட, அதனை அழகிய காட்சியாக்கிக் காட்டுதல் திறமான மறைப்பாகும். 1898 இல் லிப்டனின் வணிகம் பொதுப் பங்குக் கொம்பனியாயிற்று. அவ்வாண்டிலேயே அவர் ‘சேர்’ பட்டமும் பெற்றார். தம்பேத்தன்னைக்கு மேலே அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகக் கூறப்படும் குன்று இன்றும் ‘லிப்டன் சீற்’ என அவர் பெயராலேயே வழங்குகின்றது.

3

பெயர் என்னுஞ் சொல் ஊவாவின் தோட்டங்களில் வேறொரு பொருளிலும் வழங்கிவந்துள்ளது. மலையகத் தமிழில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்குரிய கணக்காகும். விடியலில் பெரட்டுக் களத்தில் கூடிய தொழிலாளி, மலையில் கொழுந்தெடுத்து நிறுவைக்குக் கொணர்ந்து, குறித்த இறாத்தல் அளவை எட்டினால் செக்றோலில் முழுப்பேர் விழும். எட்டாவிடில் அரைப்பேர். நாள் முழுவதும் மலையில் நின்றவளாயினும், அளவு குறைந்தால் பாதி நாளே உழைத்தவளாகக் கணக்கில் நிற்பாள்.

இச்சொல் வழக்கு தற்செயலானதன்று. தொழிலாளியின் பெயர் கொம்பனியின் ஏட்டில் தோன்றும் ஒரேயிடம் கூலிக் கணக்கேயாதலின், பெயரே கூலியின் அலகாயிற்று. ஒருபுறம் ஒரு மனிதரின் பெயர் உலகச் சந்தையில் முழுமையுற்றுப் பெருகிச் சென்றது. மறுபுறம், அப்பெயருக்குப் பெறுமதியூட்டிய மனிதரின் பெயர் பாதியாக வெட்டத்தக்கதாயிற்று. முத்திரைப் பெயரையும் அரைப்பேரையும் ஒரே உற்பத்தி முறையின் இரு முகங்களாகக் கொள்ளாதவிடத்து, வணிக விசுவாசம் பற்றிய எவ்வாராய்ச்சியும் அரைகுறையானதே.

நுகர்வின் பக்கத்திலும் இவ்வேற்றுமை தெளிவாகும். லண்டனிலும் சிட்னியிலும் இரு முத்திரைகளை ஒப்பிட்டுச் சுவை பற்றி வாதிட்டோர் இருந்தனர். லயத்துக்கு வந்ததோ தோட்டத்தில் கொடுக்கப்பட்ட தேயிலைத் தூள். உயர்தரத் தேயிலை ஏலத்துக்குப் போயிற்று. தூளில் ஊற்றிய பிளேன்டீ பிடித்தவரிடம் எஞ்சிற்று. முத்திரையைத் தெரிவுசெய்யும் சுதந்திரமே நுகர்வோர் சுதந்திரம் எனின், அச்சுதந்திரம் கொழுந்தெடுத்தவளிடம் வந்துசேரவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, வாக்குச்சீட்டில் தெரிவுசெய்யும் உரிமையும் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது.

போட்டி முத்திரைகளின் பின்னாள் வரலாறு இன்னும் அறிவூட்டுவது. லிப்டனின் பெரும் போட்டியாளராக விளங்கியது ப்ரூக் பொண்ட். ஆதர் ப்ரூக் என்பார் 1869 இல் மன்செஸ்ரரில் தொடங்கிய வணிகம் அது. ‘பொண்ட்’ என்றொரு பங்காளர் இருந்ததேயில்லை. ஓசை நயம் கருதிச் சேர்க்கப்பட்ட பெயர் அது. இல்லாத ஒருவருடைய பெயரிலும் மக்கள் விசுவாசம் வைக்க இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இவ்விரு முத்திரைகளையும் மாறிமாறி ஆதரித்த குடும்பங்கள் தலைமுறைகளாகப் பிரிந்துநின்றன. ஆயின் லிப்டன் வணிகத்தை யூனிலீவர் 1938 முதல் படிப்படியாகக் கைக்கொண்டு 1972 இல் முழுமையாகத் தனதாக்கியது. 1984 இல் ப்ரூக் பொண்டையும் வாங்கியது. கடைத்தட்டில் போட்டி தொடர்ந்தது. இலாபம் ஒரே பெட்டியில் விழுந்தது. 2022 இல் யூனிலீவர் தனது தேயிலை வணிகத்தின் பெரும்பகுதியை, லிப்டன் முத்திரையுட்பட, சி.வி.சி. என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. தோட்டம் கைமாறுவதுபோலவே நுகர்வோரின் விசுவாசமும் கைமாறத்தக்க சொத்தென்பது இதனாற் புலனாகும்.

4

இனி, தனியாள் கணினிக்கு வருவோம். தேயிலைப் பொதியில் தொடங்கிய முறைமை இங்குப் புதிய பொருளாதார அடித்தளத்தையும் புதிய வேகத்தையும் பெறுவதைக் காண்கின்றோம்.

1975 இல் கலிபோர்னியாவில் கூடிய ‘ஹோம்புரூ’ கணினிக் கழகத்தில் கருத்துகளும் சுற்றமைப்பு வரைபடங்களும் கைமாறின. அப்பிள் நிறுவனத்தின் முதற்கணினி அக்கழகச் சூழலிலேயே உருவாயிற்று. 1977 இல் அப்பிள் 2, கொமடோர் பெற், ரி.ஆர்.எஸ்.-80 ஆகிய மூன்றும் சந்தைக்கு வந்தன. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றில் இயங்காது. 1981 ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஐ.பி.எம். தனது தனியாள் கணினியை அறிமுகஞ்செய்தது. அதன் செயலி இன்டெல் நிறுவனத்துடையது. இயக்குமுறைமை மைக்ரோசொப்ட் நிறுவனத்துடையது. பகுதிகள் வெளியில் வாங்கப்பட்டமையால் 1982 முதலே பிற கொம்பனிகள் அதனையொத்த கணினிகளைச் செய்யலாயின.

1984 சனவரி 22 ஆம் திகதி அமெரிக்கக் காற்பந்து இறுதியாட்டத்தின் இடையே அப்பிள் வெளியிட்ட விளம்பரம் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ரிட்லி ஸ்கொற் இயக்கிய அப்படம், ஜோர்ஜ் ஓர்வெல்லின் நாவலை நினைவூட்டி, அடிமைக் கூட்டத்தின் நடுவே ஒரு பெண் ஓடிவந்து சர்வாதிகாரியின் திரையைச் சம்மட்டியால் உடைப்பதைக் காட்டிற்று. இரண்டு நாட்களின் பின் மக்கின்டொஷ் கணினி 2,495 டொலர் விலையில் வெளிவந்தது. இங்கு நிகழ்ந்தது யாது? விடுதலை என்னும் அரசியற் சொல் ஒரு பண்டத்தின் பண்பாக மாற்றப்பட்டது. முதலாளித்துவத்துக்கு எதிரான கலகத்தின் படிமம், ஒரு முதலாளித்துவ நிறுவனத்தை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துவதற்குப் பயன்பட்டது. லிப்டனின் சித்திரத்தில் உழைக்கும் பெண் முத்திரைக்குச் சாட்சியானாள். அப்பிளின் படத்தில் கலகம் செய்யும் பெண் முத்திரைக்குச் சாட்சியானாள்.

அப்பிள் நிறுவனம் கை கவசாகி என்பாரை மக்கின்டொஷின் ‘நற்செய்தியாளர்’ என்னும் பதவிப் பெயரில் பணிக்கமர்த்தியது. சமயத்தின் சொற்களஞ்சியம் வணிகத்துள் நேரடியாகவே புகுந்தது. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1994 இல் எழுதிய பத்தியொன்றில், மக்கின்டொஷைக் கத்தோலிக்கத்துக்கும் டொஸ் முறைமையைப் புரட்டஸ்தாந்துக்கும் வேடிக்கையாக ஒப்பிட்டார். ‘விசுவாசம்’ என்னும் சொல்லை நாம் தமிழில் கையாள்வதன் பொருத்தம் இதனால் விளங்கும். 1997 ஓகஸ்டில், நொடிந்துபோகும் நிலையிலிருந்த அப்பிளுக்கு மைக்ரோசொப்ட் 150 மில்லியன் டொலர் முதலிட்டது. பொஸ்ரன் நகரில் இச்செய்தி அறிவிக்கப்பட்டபோது திரையில் பில் கேட்ஸின் முகம் தோன்ற, கூடியிருந்த அப்பிள் விசுவாசிகள் கூச்சலிட்டு எதிர்த்தனர். மூலதனங்கள் இரண்டும் உடன்பட்டபின்னும் விசுவாசிகள் மட்டும் போர்க்களத்தில் நின்றனர். 2005 இல் அப்பிள் தனது கணினிகளுக்கு இன்டெல் செயலியைத் தெரிவுசெய்வதாக அறிவித்தது. எதிரியின் இதயம் எனப் பல்லாண்டு இகழப்பட்ட அதே செயலி, பின்னர் 2020 இல் தனது சொந்தச் செயலிக்கு மாறத் தொடங்கும் வரை அப்பிளின் உள்ளே இயங்கிற்று. அதே 2005 இல் ஐ.பி.எம். தனது தனியாள் கணினிப் பிரிவைச் சீனாவின் லெனோவோ நிறுவனத்துக்குக் கையளித்தது. ஊவாத் தேயிலையின் முத்திரைகளுக்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்தது. விசுவாசம் விற்கப்பட்டது, விசுவாசியிடம் யாரும் கேட்கவில்லை.

5

எனினும் தேயிலை அருந்துவோனையும் கணினி பயன்படுத்துவோனையும் முற்றாகச் சமப்படுத்துதல் தவறாகும். தேயிலை முத்திரையை ஒரே நாளில் மாற்றிவிடலாம். கணினியை மாற்றுவோனோ தான் எழுதிய கோப்புகளையும், கற்ற கட்டளைகளையும், விரல்களில் ஊறிய பழக்கத்தையும், தன்னையொத்த பயனாளரின் உதவியையும் இழக்க நேரும். அவனைக் கொம்பனியோடு பிணைப்பது பெரும்பாலும் அவனது சொந்த உழைப்பேயாகும். அவன் செலவிட்ட மணித்தியாலங்கள் கொம்பனியின் வேலியாக மாறுகின்றன. அவ்வேலியை அவன் பற்று என்று அழைக்கின்றான். எனவே இவ்விசுவாசிகளை ஏளனஞ் செய்தல் மார்க்சிய ஆய்வாளரின் பணியன்று. அவர்களது உழைப்பும் அவர்களுக்கு அந்நியமாக்கப்பட்டுள்ளது என்பதைக் காட்டுதலே பணி.

கணினியின் வாதத்தில் கேட்கப்படாத வினா, அதனைச் செய்தவர் யார் என்பதாகும். 1980களின் பிரித்தானியப் பள்ளிச் சிறுவர், சின்கிளயர் ஸ்பெக்ரம் சிறந்ததா, கொமடோர் 64 சிறந்ததா எனச் சண்டையிட்டனர். ஸ்பெக்ரம் கணினியைப் பொருத்தியோர் ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரிலிருந்த ரைமெக்ஸ் தொழிற்சாலையின் தொழிலாளர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். கிளைவ் சின்கிளயர் 1983 இல் ‘சேர்’ பட்டம் பெற்றார். ரைமெக்ஸ் தொழிலாளர் 1993 இல் வேலைநிறுத்தஞ் செய்து வெளியேற்றப்பட்டனர். அவ்வாண்டே தொழிற்சாலை மூடப்பட்டது. லிப்டன் பிறந்த ஸ்கொத்லாந்திலேயே, ஊவாவின் கதை வேறு பண்டத்தை வைத்து மீண்டும் நடந்தது.

இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதற் பொருத்து தொழிற்சாலையை 1972 இல் பினாங்கில் நிறுவியது. அங்கும் பெண்களே பெருந்தொகையாகப் பணிக்கமர்த்தப்பட்டனர். பெண்களின் விரல் மென்மையானது, நுண்வேலைக்கு ஏற்றது என்னுங் கூற்று, கொழுந்து பறித்தலுக்கும் மின்னணுப் பகுதிகளைப் பொருத்துதலுக்கும் ஒரே குரலில் சொல்லப்பட்டது. விரலின் மென்மை என்று புகழப்பட்டது உண்மையில் கூலியின் மலிவேயாகும். 2010 இல் சீனாவின் ஷென்சென் நகரிலுள்ள பொக்ஸ்கொன் தொழிற்சாலைகளில் இளந்தொழிலாளர் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டமை உலகின் கவனத்தை ஈர்த்தது. அந்நிறுவனம் அப்பிளுக்கும், அதன் போட்டியாளரான எச்.பி., டெல் ஆகியவற்றுக்கும் பண்டங்கள் செய்து கொடுத்தது. ஒரே ஏலத்துத் தேயிலை வெவ்வேறு பொதிகளில் சென்றமை போன்று, ஒரே நிறுவனத்தின் தொழிலாளரது உழைப்பு வெவ்வேறு முத்திரைகளைத் தாங்கிச் சென்றது. அவற்றை வாங்கியோர் அவற்றின் வேற்றுமை பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

6

தமிழில் கணினியைப் பயன்படுத்துவோரின் அனுபவம் இவ்விடத்து ஒரு மாற்று விளக்கத்தைத் தருகின்றது. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றின; ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியீட்டு முறையொன்றைக் கொண்டிருந்தது. இலங்கைத் தமிழரிடையே ‘பாமினி’ எழுத்துரு பெரிதும் பரவியது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்த முறையாதலின், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ்க் கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகக் காட்சிதரும். ஓர் எழுத்துருவில் எழுதியவர் மற்றொன்றில் எழுதியவரின் ஏட்டை வாசிக்க இயலாது. தமது எழுத்துருவே சிறந்தது, தமது விசைப்பலகையே விரைவானது என்னும் வாதம் இங்கும் எழுந்தது. இதுவும் விரல்களில் ஊறிய உழைப்பின் விசுவாசமேயாகும்.

1999 பெப்ருவரியில் சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்நெற் 99’ மாநாடு பொது விசைப்பலகையையும் குறியீட்டு முறைகளையும் முன்மொழிந்தது. தமிழறிஞரும் பொறியியலாளரும் இணைந்து உருவாக்கிய ‘திஸ்கி’ முறையும் வழக்கில் இருந்தது. 1991 இன் முதற்பதிப்பிலேயே தமிழை உள்ளடக்கியிருந்த ஒருங்குறி, 2000 ஆம் ஆண்டின் பின்னரே படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தமிழுக்கு அது இடம் ஒதுக்கிய முறைமை பற்றிக் குறைகள் கூறப்பட்டன. ஒருங்குறிச் சங்கத்தின் உறுப்பினர் பெருங் கொம்பனிகளே என்பதும் உண்மை. சந்தையில் மோதிய அப்பிளும் மைக்ரோசொப்டும் ஐ.பி.எம்மும் பொதுக்குறியீடு தம் நலனுக்கு வேண்டியதானபோது ஒரே மேசையில் அமர்ந்தன. ஆயினும் விளைவு கவனிக்கத்தக்கது. தமிழெழுத்துப் பூசலைத் தணித்தது ஒரு முத்திரையின் வெற்றியன்று. யாருக்கும் தனியுடைமையாகாத ஒரு பொதுமை. எழுத்து பொதுவுடைமையானபோது, எழுத்துருவைப் பற்றிய விசுவாசம் வெறும் அழகுத் தெரிவாகச் சுருங்கிற்று. உடைமை வேலி நீங்குமிடத்து விசுவாசமும் தளரும் என்பதே இதன் பாடம்.

7

வணிக விசுவாசத்துக்கு எதிர்நிலையில் வைக்கத்தக்கது எது? எதிர்முத்திரை அன்று. ஒன்றுபடுதலே அதன் எதிர்நிலை. இதற்கான சான்றும் பதுளையிலேயே உள்ளது. 1940 ஆம் ஆண்டு மலைநாடெங்கும் பரவிய வேலைநிறுத்த அலை மே மாதத்தில் ஊவாவை அடைந்தது. லங்கா சமசமாஜக் கட்சியினரின் தலைமையிலான தொழிற்சங்கம் முன்னின்ற வேவெஸ்ஸத் தோட்டத்துப் போராட்டத்தில், தொழிலாளர் தமக்கெனத் தெரிவுசெய்யப்பட்ட மன்றமொன்றை அமைத்தனர். தோட்டத்து துரை அம்மன்றத்தைக் கலந்தே நடப்பதாக இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்டச் சென்ற ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தனர். பின்னர் பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து அவ்வெழுச்சி தோல்வியுற்றது. எனினும் சிறிது காலமேனும், செக்றோலில் பேர் போடப்பட்டோர், அத்தோட்டத்தின் வேலை எவ்வாறு நடத்தப்படல் வேண்டும் என்பதைத் தம் பேரால் தாமே சொன்னார்கள்.

இவ்விடத்து நம் பக்கத்துக் குறையொன்றையும் மறையாது கூறுதல் வேண்டும். 1939 இல் தோன்றிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1950 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாறியது. 1956 அளவில் அப்துல் அஸீஸின் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் பிரிந்தது. பின்னர் மேலும் பல சங்கங்கள் தோன்றின. சந்தா செக்றோல் வழியே கழிக்கப்படும் முறை நிலைபெற்றபோது, சங்க உறுப்புரிமையும் சிலவிடங்களில் முத்திரை விசுவாசத்தின் சாயலைப் பெற்றது. எந்தச் சங்கம், எந்தத் தலைவர், எந்தச் சின்னம் என்னும் வாதத்தில், ஒரே லயத்தின் இரு காம்பராக்காரர் எதிரெதிர் நின்றனர். தோட்ட நிருவாகத்துக்கு இதனால் நட்டமில்லை. விசுவாசம் கூட்டு உழைப்பிலிருந்து எழாமல் பெயரிலிருந்து எழும்போது, அது தொழிலாளி வர்க்கத்தின் நிறுவனங்களையும் பண்டமாக்கிவிடும் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, லிப்டன் பொதியும் மக்கின்டொஷும் தோற்றத்தில் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவானவை. ஆயின் இரண்டிலும் மூன்று இயக்கங்கள் பொதுவாக உள்ளன. உழைத்தோர் பெயர் அகற்றப்படுகின்றது; உடைமையாளர் பெயர் பண்பாட்டுச் சின்னமாக உயர்த்தப்படுகின்றது; அச்சின்னத்தைச் சூழ்ந்து எழும் நுகர்வோரின் பற்று, பங்குச் சந்தையில் விலைபேசத்தக்க சொத்தாகின்றது. முத்திரைகளின் போட்டி மேற்பரப்பிலுள்ளது. உழைப்பின் ஒருமை அடியிலுள்ளது. மேற்பரப்பைப் பற்றிய வாதத்தில் வென்றாலும் தோற்றாலும் அடியிலுள்ளது மாறப்போவதில்லை.

2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்படுவதற்கு ஆண்டுக்கணக்கான போராட்டம் வேண்டியிருந்தது. அவ்வறிவித்தலின் பின்னரும், முழுக் கூலிக்கு எத்தனை கிலோ கொழுந்து என்னும் வழக்கு மலையில் ஓயவில்லை; அரைப்பேரின் தர்க்கம் ஒரு வர்த்தமானியால் மறைந்துவிடுவதன்று. பதுளையின் பல்கலைக்கழகத்தில் தேயிலையின் பெறுமதி சேர்த்தலையும் கணினி விஞ்ஞானத்தையும் கற்கும் மாணவருள், இத்தோட்டங்களின் பிள்ளைகளும் பயில வாய்ப்புண்டு. எந்தக் கணினியை வாங்குவது என அவர்கள் வாதிடட்டும், அதில் தவறில்லை. அவ்வாதத்தின் முடிவில், இதனைச் செய்தவருக்கு அன்று முழுப்பேர் விழுந்ததா என்னும் வினாவையும் அவர்கள் கேட்பார்களாயின், பெறுமதி சேர்த்தல் என்னுஞ் சொல்லுக்கு உரிய பொருள் அவர்கள் கையிலேயே கிட்டும்.